துப்பாக்கி வேணுமா, வேண்டாமா? அமெரிக்க வீடுகளைப் பிரிக்கும் கேள்வியும் ‘கன்சீல்டு கேரி’ உரிமையும் - முழு விளக்கம்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சண்டை என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது நீதிமன்றமும் நாடாளுமன்றமும்தான். ஆனால் அதே சண்டை அங்கே பல வீடுகளின் சமையலறையிலும் நடக்கிறது. ஒன்று வாங்கி வைப்போம் என்பார் கணவர். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது எதற்கு என்பார் மனைவி. ராத்திரி வேலைக்குப் போகிற மகள் கைப்பையில் ஒரு துப்பாக்கி இருந்தால் நிம்மதி என்று நினைப்பார் அப்பா. மகளுக்கோ அதைத் தொடவே பயம். சில வீடுகளில் இது அப்படியே தலைகீழாகவும் இருக்கும்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. துப்பாக்கி என்றாலே ஒதுங்கும் குடும்பத்தாருக்கு அதை எப்படி அறிமுகம் செய்கிறார்கள்? வாங்கிய துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வெளியே எடுத்துப்போக சட்டம் எந்த அளவுக்கு இடம் தருகிறது? கூடவே இன்னொன்றும் உண்டு. தயங்குகிறவரின் பயத்தில் நியாயம் இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது?

பியூ ஆய்வு மையம் 2023-ல் எடுத்த கருத்துக்கணிப்பில், அமெரிக்காவில் வயது வந்தவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் சொந்தத் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு 10 சதவீதம் பேர், ‘என்னிடம் இல்லை, ஆனால் வீட்டில் வேறொருவரிடம் இருக்கிறது’ என்றார்கள். தான் வாங்காத ஒரு துப்பாக்கியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள் இவர்கள்.

ஆண்களில் 40 சதவீதம் பேரிடமும், பெண்களில் 25 சதவீதம் பேரிடமும் துப்பாக்கி இருக்கிறது. வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் சொல்லும் முக்கியக் காரணம் பாதுகாப்பு. வேட்டை, விளையாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

துப்பாக்கி வைத்திருப்பதால் நாட்டில் பாதுகாப்பு கூடுகிறதா, குறைகிறதா என்றும் அதே கணிப்பில் கேட்டார்கள். கூடுகிறது என்றவர்கள் 49 சதவீதம். குறைகிறது என்றவர்களும் 49 சதவீதம். நாடே சரிபாதியாகப் பிரிந்து நிற்கும்போது வீடு மட்டும் பிரியாமல் இருக்குமா?

எண்ணிக்கை தெரிய வேண்டுமென்றால், ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்ற ஆய்வு அமைப்பின் கணக்கைப் பார்க்கலாம். 2017 முடிவில் அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39.3 கோடி துப்பாக்கிகள் இருந்தன என்கிறது அது. அதாவது மக்கள்தொகையைவிட அதிகம்.

புதிதாக வாங்கியவர்கள் யார்?

2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரையிலான காலத்தில் சுமார் 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள் என்று ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். கொரோனா, வேலையிழப்பு, தெருப் போராட்டங்கள், தேர்தல் பதற்றம் எல்லாம் சேர்ந்து வந்த காலம் அது.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தப் புதியவர்களில் சுமார் 54 லட்சம் பேர் அதுவரை துப்பாக்கியே இல்லாத வீடுகளில் இருந்தவர்கள். அவர்கள் வாங்கியதால் கூட வசிக்கும் 1.1 கோடிக்கும் அதிகமானோர் துப்பாக்கி உள்ள வீட்டுக்காரர்கள் ஆனார்கள். அதில் 50 லட்சத்துக்கு மேல் குழந்தைகள். முடிவெடுத்தவர் ஒருவர், அதோடு சேர்ந்து வாழப்போகிறவர் பலர் என்பதுதான் இங்கே விஷயம்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791-ல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்திச் செல்லவும் மக்களுக்கு உள்ள உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அதே வாக்கியம் ‘மிலிஷியா’ எனப்படும் மக்கள் படையைப் பற்றியும் பேசுகிறது. அதனால் உரிமை படைக்கா, தனிமனிதருக்கா என்ற சர்ச்சை நீண்டகாலம் ஓடியது.

2008-ல் ‘ஹெல்லர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இதற்கு முடிவு சொன்னது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது அந்தத் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா. 2010-ல் ‘மெக்டொனால்டு எதிர் சிகாகோ’ வழக்கில், மாநிலங்களும் நகரங்களும்கூட இந்த உரிமைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வந்தது.

இந்தியாவில் நிலைமையே வேறு. இங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் என்பது அரசு பார்த்துத் தருகிற அனுமதி. அங்கே அது உரிமை. அரசு மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியது அரசுதான். இந்த வித்தியாசம் புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சரி, ‘கன்சீல்டு கேரி’ன்னா என்ன?

கைத்துப்பாக்கியை அடுத்தவர் கண்ணில் படாமல் உடலோடு மறைத்து எடுத்துச் செல்வதுதான் ‘கன்சீல்டு கேரி’. இடுப்பு பெல்ட்டுக்குள் ஹோல்ஸ்டர் எனப்படும் உறையில் செருகி மேலே சட்டையை இறக்கிவிடுவார்கள். கணுக்காலில் கட்டுவோரும், கைப்பையில் வைப்போரும் உண்டு. எல்லோரும் பார்க்கும்படி இடுப்பில் தொங்கவிட்டால் அது ‘ஓப்பன் கேரி’.

வரலாற்றில் இது நேர்மாறாக இருந்தது என்பது சுவாரசியம். மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கும் சட்டங்களை கென்டக்கியும் லூசியானாவும் 1813-லேயே கொண்டுவந்தன. வெளிப்படையாகக் கட்டிக்கொண்டு போகிறவன் நேர்மையானவன், ஒளித்து வைத்திருப்பவன்தான் சந்தேகத்துக்குரியவன் என்பது அந்தக் காலத்துப் பார்வை. இன்றைக்கு மறைத்து வைப்பதுதான் நாகரிகம், காட்டிக்கொண்டு திரிவது மற்றவர்களைப் பதற வைக்கும் என்று அங்கே பல துப்பாக்கிக்காரர்களே சொல்கிறார்கள்.

பெர்மிட் கிடைப்பது எப்படி? மூன்று வகை இருக்கு

முதல் வகை, ‘தந்தே ஆக வேண்டும்’. வயது, குற்றப் பின்னணிச் சோதனை, பயிற்சி என்று சட்டம் சொல்லும் தகுதிகள் இருந்தால் அதிகாரி பெர்மிட்டை மறுக்க முடியாது. 1987-ல் ஃப்ளோரிடா இந்த முறைக்கு மாறியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பல மாநிலங்கள் அதே வழியில் போயின.

இரண்டாவது வகை, ‘அதிகாரி விரும்பினால் தரலாம்’. உனக்கு எதற்குத் துப்பாக்கி, மற்றவர்களுக்கு இல்லாத தனி ஆபத்து உனக்கு என்ன என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மட்டுமே தருவது. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகிய மாநிலங்களில் 2022 வரை இந்த முறைதான்.

மூன்றாவது வகை, பெர்மிட்டே தேவையில்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர் அப்படியே மறைத்து எடுத்துப் போகலாம். வெர்மாண்டில் எப்போதுமே பெர்மிட் கிடையாது. 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா, 2021-ல் டெக்சாஸ், 2023-ல் ஃப்ளோரிடா என்று வரிசையாகச் சேர்ந்தன. 2024 ஜூலையில் லூசியானாவும் வந்தபோது எண்ணிக்கை 29 ஆனது. 50 மாநிலங்களில் பாதிக்கும் மேல்.

பெர்மிட் வேண்டாம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாமா? முடியாது. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் போன்றோர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அது எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்.

ஆட்டத்தை மாற்றிய ‘ப்ரூவன்’ தீர்ப்பு

நியூயார்க்கில் 1911-ல் இருந்தே துப்பாக்கி லைசென்ஸ் சட்டம் இருந்தது. வெளியே மறைத்து எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் ‘தகுந்த காரணம்’ காட்ட வேண்டும் என்பது விதி. பொதுவான பயம் காரணம் ஆகாது. இதை எதிர்த்த வழக்கில் 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு, தற்காப்புக்காக ஆயுதம் ஏந்தும் உரிமை வீட்டு வாசலோடு நின்றுவிடாது என்றது. மேலே சொன்ன இரண்டாவது வகை அன்றோடு செல்லாமல் போனது.

அதோடு ஒரு புதிய அளவுகோலையும் அது வைத்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாக இருந்தாலும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும். இதனால் கீழ் நீதிமன்ற நீதிபதிகள் 18, 19-ம் நூற்றாண்டுச் சட்டங்களைத் தோண்டி எடுத்துப் படிக்க வேண்டிய நிலை வந்தது.

நியூயார்க் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுட்டுப் பழகுதல், நன்னடத்தைக்கு நான்கு பேரின் சான்று ஆகியவை கட்டாயம். டைம்ஸ் ஸ்கொயர் போன்ற இடங்களில் துப்பாக்கிக்குத் தடை. ஹவாய் இன்னொரு வழியில் போனது. கடை, ஹோட்டல் போன்ற தனியார் இடங்களுக்குள் துப்பாக்கியோடு நுழைய உரிமையாளரின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டது. இதை எதிர்க்கும் வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

குடும்பங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு தீர்ப்பு 2024 ஜூனில் வந்தது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று ‘ரஹிமி’ வழக்கில் 8-க்கு 1 என்று சொன்னது உச்ச நீதிமன்றம். உரிமை பெரிதுதான், ஆனால் ஆபத்தானவர் என்று நிரூபிக்கப்பட்டவரின் கையில் அது தங்காது என்பதே இதன் பொருள்.

தயங்குகிறவருக்கு எப்படி அறிமுகம் செய்கிறார்கள்?

முதலில் பேச்சு, பிறகு வகுப்பு, கடைசியில்தான் சுடுதல். பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரிசை இது. விருப்பம் இல்லாதவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போவதால் பயன் இல்லை. கற்க வருகிறவர் ‘போதும்’ என்றால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

கற்றுக்கொடுப்பது யார் என்பதும் முக்கியம். கணவர் மனைவிக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே கதைதான். அதனால் சான்று பெற்ற பயிற்சியாளரிடம் அனுப்புவது நல்லது. பெண்களுக்கென்றே தனி வகுப்புகளை நடத்தும் பயிற்சி மையங்களும் நிறைய இருக்கின்றன.

முதல் நாள் மேஜை மீது வைத்திருப்பது குண்டு இல்லாத துப்பாக்கி. மேகசினை எப்படிக் கழற்றுவது, உள்ளே குண்டு இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் பாடம். சுட விருப்பமே இல்லாதவர்கள்கூட இந்த அளவுக்காவது தெரிந்துகொண்டால் நல்லது. வீட்டில் இருக்கும் ஒரு பொருளைப் பாதுகாப்பாக்கத் தெரிவது அவர்களுக்கே உதவும்.

அடுத்தது ரேஞ்ச் எனப்படும் பயிற்சிக்கூடம். துப்பாக்கிச் சத்தம் பொதுவாக 140 டெசிபலுக்கு மேல் போகும். காது கேட்கும் திறனையே பாதிக்கக்கூடிய அளவு அது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மூடிய ரேஞ்சில் பக்கத்து வரிசையில் சுடும் சத்தமே புதியவரைத் திடுக்கிட வைக்கும். அதனால் கூட்டம் இல்லாத நேரம், முடிந்தால் திறந்தவெளி ரேஞ்ச் என்று தேர்ந்தெடுப்பார்கள். சுட்டதும் தெறிக்கும் சூடான காலி தோட்டா உறை கழுத்து வழியாக உள்ளே விழாமல் இருக்க, கழுத்தை ஒட்டிய சட்டையும் மூடிய ஷூவும் போடச் சொல்வார்கள்.

தொடக்கத்தில் கையில் கொடுப்பது .22 ரகம். சத்தமும் பின்னடியும் குறைவு. முதலில் ஒரே ஒரு குண்டு மட்டும் போடுவார்கள். சுட்ட பதற்றத்தில் திரும்பினாலும் துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும். புதியவரின் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து, அது உதைத்துத் தள்ளுவதை வீடியோ எடுத்துச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவரை வாழ்நாள் முழுக்க வெறுக்க வைக்கவும், காயப்படுத்தவும் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குண்டிலிருந்து வரும் ஈயத் துகள் கையில் ஒட்டியிருக்கும். வீட்டில் குழந்தையைத் தூக்குவதற்கு முன் உடையையும் மாற்றிவிடுவது நல்லது.

மறக்கக் கூடாத நான்கு விதிகள்

அமெரிக்காவில் எந்த வகுப்புக்குப் போனாலும் சொல்லும் விதிகள் இவை. ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் பிரபலப்படுத்தியவை.

ஒன்று: எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினைத்துக் கையாள வேண்டும்.

இரண்டு: சுட்டுவிட்டால் பரவாயில்லை என்று நினைக்காத எதன் மீதும் அதன் வாய் திரும்பக் கூடாது.

மூன்று: இலக்கைக் குறிபார்க்கும் வரை விசையில் விரல் போகக் கூடாது.

நான்கு: இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது.

நான்கில் ஒன்றை மீறினாலும் மற்ற மூன்று காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. இரண்டை ஒரே நேரத்தில் மீறும்போதுதான் பெரும்பாலும் ஆள் சாகிறார்.

அப்படின்னா தயங்குகிறவர் சொல்வது தப்பா?

தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுகள் அவர்கள் பக்கமும் பேசுகின்றன.

கலிஃபோர்னியாவில் கோடிக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். 2020-ல் வந்தது தற்கொலை பற்றியது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திராத ஆண்களைவிட சுமார் 8 மடங்கு அதிகம். பெண்களில் இது சுமார் 35 மடங்கு.

2022-ல் வந்த ஆய்வு, துப்பாக்கிக்காரரோடு சேர்ந்து வசிக்கும், ஆனால் தன்னிடம் துப்பாக்கி இல்லாத பெரியவர்களைப் பற்றியது. துப்பாக்கி இல்லாத வீட்டில் வசிப்பவர்களைவிட இவர்கள் கொலையாகும் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் வாழ்க்கைத் துணையாலேயே சுட்டுக் கொல்லப்படும் விகிதம் சுமார் 7 மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பேர் பெண்கள். வீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பு என்று சொல்லி வாங்கும் பொருள், அவர்களுக்கே ஆபத்தாக முடியும் சாத்தியத்தை இந்த எண்கள் காட்டுகின்றன.

2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலைகள் 17,927. செய்தியில் வருவது கொலை, எண்ணிக்கையில் கூடுதல் தற்கொலை. அதனால்தான் வீட்டில் ஒருவர் மனச்சோர்வில் இருக்கும்போது துப்பாக்கியைத் தற்காலிகமாக வெளியே கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட நேரத்தில் 988 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

மூன்று சம்பவங்கள், மூன்று பாடங்கள்

2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலம் ஹேடன். பெர்மிட் வைத்திருந்த ஓர் இளம் தாய், 2 வயது மகனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை உள்ள கைப்பை அது. கணவர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பரிசு. குழந்தையின் கை பைக்குள் போனது, துப்பாக்கி வெடித்தது, தாய் அங்கேயே இறந்தார். உடலை விட்டு விலகும் இடத்தில் துப்பாக்கியை வைக்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

2016 ஜூலை, மினசோட்டா. காரை போலீஸ் நிறுத்தியது. பெர்மிட் உள்ள கறுப்பின இளைஞர் ஒருவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். சில நொடிகளில் அதிகாரி சுட்டார். காரில் அவருடைய தோழியும், தோழியின் 4 வயது மகளும் இருந்தார்கள். இளைஞர் இறந்தார். அதிகாரியை ஜூரி விடுவித்தது. உரிமை காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான், சாலையில் ஒன்றாக இருக்கிறதா என்ற கேள்வியை இது எழுப்பியது.

2021 நவம்பர் 30, மிச்சிகன், ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளி. 15 வயது மாணவன் சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் துப்பாக்கியை அப்பா வாங்கியது நான்கு நாளைக்கு முன்புதான். மறுநாள் அம்மா மகனை ரேஞ்சுக்குக் கூட்டிப் போயிருந்தார். மகனின் மனநிலை சரியில்லை என்பதற்கான அறிகுறிகளைக் கவனிக்கவில்லை, துப்பாக்கியைப் பூட்டி வைக்கவில்லை என்று சொல்லி 2024-ல் பெற்றோர் இருவரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. தலா 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் மீது இப்படி உள்நோக்கமற்ற கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டது நாட்டிலேயே முதல்முறை.

ஆதரவாளர்கள் சொல்வது என்ன?

போலீஸ் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும், ஆபத்து சில நொடிகளில் முடிந்துவிடும் என்பது முதல் வாதம். உடல் பலம் குறைந்த பெண்ணுக்கும் முதியவருக்கும் தாக்குகிறவனோடு சம பலம் தருவது துப்பாக்கிதான் என்பது இரண்டாவது. பெர்மிட் வாங்கிப் பயிற்சி எடுத்தவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள், குற்றவாளி எந்தப் படிவத்தையும் நிரப்புவதில்லை என்பது மூன்றாவது.

உதாரணமாக அவர்கள் காட்டுவது இண்டியானா மாநிலம் கிரீன்வுட் மால். 2022 ஜூலை 17 அன்று அங்கே ஒருவன் சுட ஆரம்பித்து மூன்று பேரைக் கொன்றான். அங்கிருந்த 22 வயது இளைஞர் தான் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் சில நொடிகளிலேயே அவனை வீழ்த்தினார். இல்லையென்றால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்கும் என்று கேட்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தால் பார்க்கிங் தகராறும் பார் சண்டையும் கொலையில் முடியும் என்பது இவர்கள் வாதம். நெருக்கடியில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று போலீஸுக்கே தெரியாது என்பது அடுத்தது. இவர்களுக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2021 ஜூன் 21 அன்று கொலராடோ மாநிலம் ஆர்வாடாவில், போலீஸ்காரரைக் கொன்றவனை ஒருவர் தன் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பின்னால் வந்த போலீஸ், கையில் துப்பாக்கியோடு நின்ற அவரையே குற்றவாளி என்று நினைத்துச் சுட்டது. ஊரைக் காப்பாற்றியவரும் இறந்தார்.

ஆய்வுகள் யார் பக்கம்? 1998-ல் பொருளாதார ஆய்வாளர் ஜான் லாட், மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தால் குற்றம் குறைகிறது என்று புத்தகம் எழுதினார். 2004-ல் தேசிய ஆராய்ச்சி கவுன்சில் எல்லாத் தரவுகளையும் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. 2019-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் டோனஹியூவும் சக ஆய்வாளர்களும், இத்தகைய சட்டம் வந்து பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். ரேண்ட் அமைப்பின் தொகுப்பாய்வும், ‘தந்தே ஆக வேண்டும்’ வகைச் சட்டங்களால் கொலைகள் கூடுகின்றன என்பதற்கு ஆதாரம் இருப்பதாகச் சொல்கிறது. லாட் தரப்பு இதை ஏற்கவில்லை.

மாநில எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஒரு மாநில பெர்மிட் நாடு முழுக்கச் செல்லாது. எந்த மாநிலம் எதை ஏற்கிறது என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. பென்சில்வேனியா பெர்மிட்டோடு பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள் போனால் அது கடும் குற்றம். பெர்மிட்டே தேவையில்லாத மாநிலக்காரர்களும் பெர்மிட் வாங்கி வைப்பது, வெளிமாநிலத்துக்குப் போகும்போது உதவும் என்பதற்காகத்தான்.

எல்லா மாநிலமும் ஒன்றையொன்று ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-198 என்று நிறைவேறியது. செனட்டில் நகரவில்லை. 2025-ல் மறுபடியும் கொண்டுவரப்பட்டது.

விமான நிலையத்தில் கைப்பையை மறந்து கொண்டுவருகிறவர்கள் தனிக் கதை. 2023-ல் மட்டும் பாதுகாப்புச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதத்தில் குண்டு நிரப்பியிருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுவதற்கும் இதே விதிதான். ‘சும்மா ஒரு தடவைதானே’ என்று போய், விசாவுக்கே சிக்கல் வந்துவிடக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எதுவாக இருந்தாலும் அந்தந்த மாநில விதியை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

துப்பாக்கி வாங்காத குடும்பங்களுக்கும் ஒரு விஷயம் உண்டு. பிள்ளையைப் பள்ளித் தோழன் வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், ‘உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?’ என்று கேட்கச் சொல்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். நாயிருக்கிறதா என்று கேட்பது போலத்தான். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதல் காரணமே துப்பாக்கிதான்.

வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டிய கேள்விகள்

எதற்காக வாங்குகிறோம்? திருட்டு பயம் என்றால் நல்ல பூட்டு, விளக்கு, அலாரம் ஆகியவற்றை முதலில் பார்த்தோமா?

வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, குடிப்பழக்கம், கட்டுக்கடங்காத கோபம் உண்டா? ஒருவருக்கு இருந்தாலும் பதில் ‘இப்போது வேண்டாம்’தான்.

எங்கே பூட்டுவது? துப்பாக்கி தனியாக, குண்டு தனியாக, இரண்டும் பூட்டிய நிலையில் வைப்பதே குழந்தைகளுள்ள வீட்டுக்குப் பாதுகாப்பான முறை. சாவியோ ரகசிய எண்ணோ பிள்ளைகளுக்குத் தெரியுமா?

வெளியே எடுத்துச் செல்லப் போகிறோமா? அப்படியென்றால் பயிற்சி எத்தனை நாளைக்கு ஒருமுறை? பாதுகாப்பாகப் பின்வாங்க வழியிருந்தால் பின்வாங்குவோமா? ஒரு குண்டு வெளியே போனால் அதன் பொறுப்பு, வழக்கு, வாழ்நாள் வேதனை எல்லாம் சுட்டவருடையது.

வீட்டில் ஒருவர் முழு மனதாக வேண்டாம் என்றால் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? வாங்குகிறவரின் உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் மூன்று பெரிய தீர்ப்புகள் எழுதிவிட்டது. கூட வசிப்பவரின் சம்மதத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் இல்லை. அதை அந்தந்த வீட்டில் உட்கார்ந்துதான் பேசி முடிக்க வேண்டும், முக்கியமாக துப்பாக்கி வாசலுக்குள் வருவதற்கு முன்னால்.